மதிப்பெண் இருக்கிறது, பரிந்துரைக் கடிதம்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில், இணையத்தைச் சமூக அறிவியலாகப் படிக்கிற, பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்தும் முதுநிலைப் படிப்பைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம், ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும் என்று போட்டிருந்தீர்கள். மறுநாளே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்று பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள். நான் பாலக்கோட்டில் இ-சேவை மையம் நடத்துகிறேன். நானும் முன்பு ஒரு தடவை இதே படிப்புக்கு விண்ணப்பிக்கக் கிளம்பி பாதியில் நின்றவன்தான், அதனால் அந்த "போதும்" என்ற வார்த்தையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பகுதிநேரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பகுதிநேரம், அஞ்சல்வழி, ஆன்லைன் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், உங்கள் கட்டுரையும் அப்படித்தான் குழப்பியிருந்தது. பகுதிநேரம் என்றால் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும், நாட்கள் மட்டும் குறைவு, வருடம் அதிகம். டிப்ளமா முடித்து வேலையில் இருப்பவர்கள் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் பகுதிநேரமாக பி.இ. படிக்கிறார்களே, அந்த மாதிரி. நீங்கள் குறிப்பிட்ட ஆக்ஸ்போர்டு படிப்பும் அப்படித்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு நிறுவனம் 2001-ல் தொடங்கியது, அங்கே இணையத்தின் சமூக அறிவியல் என்றே ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது, முழுநேரமாகப் படித்தால் பத்து மாதம், பகுதிநேரமாகப் படித்தால் கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஆனால் பருவ வாரங்களில் நேரில் போய் உட்கார வேண்டும். பாலக்கோட்டில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிற சங்கதி இல்லை அது.

சரி, போய் அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றால் அடுத்த வேடிக்கை. பிரிட்டன் மாணவர் விசாவில் பகுதிநேரப் படிப்புக்குப் போகிறவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது. முழுநேர மாணவருக்காவது வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு, பகுதிநேரத்துக்கு அதுவும் கிடையாது. வேலை பார்க்கிறவர்களுக்காக உண்டாக்கிய படிப்பு, அதற்குப் போனால் வேலை பார்க்கக் கூடாது! இதைப் படித்த அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்னவோ என்று எட்டிப் பார்த்தார்.

தகுதி விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பாடத்தில் டிகிரி வாங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான், வரலாறு படித்தவரும் கம்ப்யூட்டர் படித்தவரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஆனால் சும்மா பாஸ் மார்க் போதாது, முதல் வகுப்பு அல்லது அதற்கு அடுத்த வகுப்பின் மேல்பாதியில் நல்ல மதிப்பெண் கேட்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற மொழித் தேர்வு எழுதினால் மொத்தத்தில் 7.5, அதிலும் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது ஒவ்வொன்றிலும் 7-க்குக் குறையக் கூடாது. பரீட்சைக் கட்டணம் மட்டும் 17,000 ரூபாய்க்குக் குறையாது, எழுதுவதற்கு வெளியூர் போக வேண்டும், வாங்கிய மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இதையெல்லாம்கூட முட்டி மோதிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

என்னை நிறுத்தியது பரிந்துரைக் கடிதம். ஒன்றில்லை, மூன்று. அதுவும் நாம் வாங்கி உறையில் போட்டு அனுப்புகிற கடிதம் இல்லை, பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலை நாம் கொடுக்க வேண்டும், அவருக்கு நேரடியாக லிங்க் போகும், அவரே ஆங்கிலத்தில் எழுதி ஏற்ற வேண்டும். நான் பி.ஏ. படித்த கல்லூரியில் எங்கள் வகுப்பில் அறுபது பேருக்கு மேல் இருந்தோம், என் பெயர் தெரிந்த பேராசிரியர் ஒருவர்தான், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். மோர் கொடுத்தார், பழைய கதையெல்லாம் பேசினார், கடைசியில் "ஏம்ப்பா, எனக்கு இமெயில் ஐ.டி.யே கிடையாது, பையன்தான் எல்லாம் பார்ப்பான், அவன் ஓசூர்ல இருக்கான்" என்றார். சரி, நானே உண்டாக்கித் தருகிறேன் ஐயா என்று சொல்ல வாய் வந்தது. தினமும் பத்துப் பேருக்கு உண்டாக்கிக் கொடுக்கிறவன்தானே. ஆனால் அதே நாளில் முளைத்த மின்னஞ்சலிலிருந்து வரும் பரிந்துரையை அங்கே உட்கார்ந்திருப்பவர் என்னவென்று நினைப்பார்? மதிப்பெண் விவரச் சான்றிதழுக்குக் கல்லூரி அலுவலகம் போனால் அடுத்த வாரம் வாங்க, கிளார்க் லீவு என்று மூன்று வாரம் ஓட்டினார்கள். கடைசித் தேதி போயே போய்விட்டது.

இத்தனைக்கும் அந்தப் படிப்பில் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்தால், நான் கடையில் தினமும் பார்ப்பதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். சந்தைக்குத் தக்காளி கொண்டுவந்த ஒரு அம்மா, கூடைகளை இறக்கி விற்றுவிட்டு நேராக வந்தார். விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பி.எம். கிசான் பணம் 2,000 ரூபாய் வரவில்லை, இ-கே.ஒய்.சி. என்கிற ஆதார் சரிபார்ப்பை முடிக்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விரல் வைக்கச் சொன்னேன். செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கட்டி ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, பத்து விரலும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. ஓ.டி.பி. போடலாம் என்றால் ஆதாரில் இருக்கிற நம்பர் மகனுடையது, மகன் பெங்களூரில் கட்டட வேலை. சாரத்தின் மேல் நிற்கிறவன் எப்படிப் போனை எடுப்பான்? மூன்றாவது தடவை எடுத்து நம்பரைச் சொன்னான், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசியில் ஆப்பில் முகத்தைக் காட்டச் சொன்னோம், அது கண்ணை இமைக்கச் சொல்கிறது, அந்த அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார், உடனே முகம் தெரியவில்லை என்று அது திருப்பி அனுப்புகிறது. நான்கு தடவை. யாருடைய கையில் போன் இருக்கிறது, யாருடைய பெயரில் நம்பர் இருக்கிறது, உழைத்துத் தேய்ந்த கையை மெஷின் ஏன் ஆள் இல்லை என்கிறது, இதையெல்லாம் நான் ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் எழுதி அனுப்பச் சொல்கிறார்களே, அதற்கு என்னிடம் விஷயம் இல்லாமல் இல்லை. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் சிக்னலுக்காக இன்னொரு மேட்டைத் தேடிப் போகிற பிள்ளைகளிடம் இன்னும் எத்தனையோ கட்டுரை இருக்கும்.

அப்புறம், உள்ளூரில் என்ன வழி என்று அந்த மூன்று பேரும் கேட்டார்கள். இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சமூகவியல் எம்.ஏ. படித்துக்கொண்டு, இணையம் பற்றிய பாடங்களை மத்திய அரசின் ஆன்லைன் வகுப்புத் தளமான ஸ்வயத்தில் தனியாக எடுத்துப் படிக்கலாம் என்றேன். ஆனால் அதற்கும் முன்கூட்டியே பார்க்க வேண்டியவை உண்டு. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர டி.இ.பி. ஐ.டி. (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருகிற மாணவர் எண்) வேண்டும், அதை உண்டாக்க ஏ.பி.சி. ஐ.டி. (படித்ததற்கான புள்ளிகளைச் சேர்த்துவைக்கிற கணக்கின் எண்) வேண்டும், அதற்கு ஆதார். இங்கேதான் நம் ஊர் இனிஷியல் வந்து நிற்கும். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பான் கார்டில் மூன்றாவது விதம். இந்த மூன்றையும் ஒன்றாக்காமல் அட்மிஷன் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து "அண்ணா, அவசரம்" என்று நிற்பவர்கள்தான் அதிகம். பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுமா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். புதுப் பெயரில் இருக்கிற பட்டம் என்றால் இன்ன பட்டத்துக்கு இது இணை என்று அரசாணை இருக்கிறதா என்று பார்க்காமல் டி.என்.பி.எஸ்.சி., டி.ஆர்.பி. கனவில் சேரக் கூடாது. இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

ஆக்ஸ்போர்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பதையும் கேளுங்கள் என்கிறேன். பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சேலத்தில் சமூகவியல் துறை இருக்கிறது, தருமபுரி பைசுஅள்ளியில் அதன் முதுநிலைப் படிப்பு மையம் இருக்கிறது. அங்கே சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு வைத்து, இணையமும் சமூகமும் என்று இரண்டரை, மூன்று வருடத்தில் ஒரு பகுதிநேர முதுநிலைப் படிப்பு நடத்த முடியாதா? தகுதியில் மூன்று பேராசிரியர் கடிதத்துக்குப் பதிலாக ஒன்று போதும் என்று வைக்கட்டும், மற்றதற்குச் செய்த வேலையைக் காட்டச் சொல்லட்டும். ரேஷன் கடை விற்பனையாளர், வங்கி முகவர், கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர், என்னைப் போன்ற மையக்காரர் என்று ஓசூரிலிருந்து அரூர் வரை ஒரு வகுப்பு நிறைய ஆட்கள் வருவார்கள். ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிகிறதா என்று பரீட்சை வைக்கட்டும், அது நியாயம், ஏனென்றால் இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. ஆனால் ஆய்வுக் கட்டுரையைத் தமிழிலும் எழுதலாம் என்று விட வேண்டும். அந்த அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினால் பாதி போய்விடும்.

இதைப் பல்கலைக்கழகத்திடம் நீங்கள் கேட்டு எழுதினால் நான் கேட்பதைவிடச் சீக்கிரம் பதில் வரும். அதுவரை, வந்த மூன்று பேரில் இருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்கள். மூன்றாமவர், காரிமங்கலம் பக்கத்து அங்கன்வாடி ஊழியர், சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். முதலில் இனிஷியலைச் சரிபண்ண வேண்டும், பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.