வாக்கிங் மட்டும் போதாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வயசானவங்க கீழ விழாம இருக்கறதப் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத மேட், ராத்திரி லைட்டுன்னு எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, ஆனா எக்சர்சைஸ்னு வந்ததும் "தினமும் வாக்கிங் போங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. வாக்கிங் நெஞ்சுக்கு நல்லது, சுகருக்கு நல்லது, யாரு இல்லேன்னா? ஆனா அது மட்டுமே விழறதக் குறைக்கும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் கிடையாது. மருத்துவ ஆய்வுகளச் சேத்து அலசிப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்பு 2019ல வெளியிட்ட தொகுப்புல, பேலன்சுக்கும் அன்றாட அசைவுக்கும் பழக்கற பயிற்சி செஞ்சவங்க விழறது ஏறக்குறைய 24 சதவீதம் குறைஞ்சிருக்கு. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டினவங்க வாரத்துல 3 நாளாவது பேலன்ஸ், தசை பலம் ரெண்டுக்கும் சேத்து செய்யணும்னு 2020லயே சொல்லிடுச்சு.

சரி வயசானவங்களுக்கு எக்சர்சைஸ் குரூப் கிளாஸ் நடத்துறாங்களே அதுல என்ன நடக்குதுன்னா, பல இடத்துல வட்டமா சேர் போட்டு உக்கார வச்சு கையத் தூக்கு, கழுத்தத் திருப்புன்னு முடிச்சு அனுப்பிடறாங்க. யாராவது விழுந்துட்டா நம்ம தலைல விடியுமேங்கற பயம், அதுவும் நியாயம்தான். ஆனா எந்திரிச்சே நிக்காம கணுக்காலும் தொடையும் எப்படிப் பழகும்? கைய ஊணாம சேர்ல இருந்து எந்திரிக்கறது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னாடி இன்னொரு பாதத்த வச்சு நிக்கறது, அப்படியே ஒட்டி ஒட்டி நடக்கறது, ஒத்தக்கால்ல நிக்கறது, இதெல்லாம் சுவரோரமாவோ ஆடாத மேசையப் புடிச்சுக்கிட்டோ செய்யலாம், பழகப் பழக ரெண்டு கை ஒரு கையாகணும், அப்புறம் ஒரு விரல். கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும், தள்ளாட்டமே இல்லேன்னா பயிற்சி லேசா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு மாசம் செஞ்சுட்டு விட்டுட்டா பலனும் போயிடும்.

இன்னொண்ணு, ஒருதடவ விழுந்தவங்க பயந்து நடமாட்டத்தையே குறைச்சுக்கறாங்க, அதுல கால் இன்னும் சோர்ந்து மறுபடி விழறாங்க. கிளாஸ் ரொம்பத் தேவைப்படறது இவங்களுக்குத்தான், வராததும் இவங்கதான் (எனக்கென்ன வயசாயிடுச்சான்னு கேக்கற அப்பாக்கள் தனி ரகம்). அடிக்கடி விழறவங்க, தலைசுத்தல் இருக்கறவங்க முதல்ல டாக்டரப் பாக்கணும், தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோகூட காரணமா இருக்கலாம்.

அடுத்த இதழ்ல ஒரு பிசியோதெரபிஸ்ட்ட கேட்டு இந்தப் பயிற்சிகள படத்தோட முழுப்பக்கம் போடுங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், கண்ணாடியத் தேடப் போயி யாரும் தடுக்கி விழ வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி