ஹாப் விளம்பரத்துல ஓட்டை அளவையும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற ஹாப் அடுப்பு (சமையல் மேடைக் கல்லுல ஓட்டை வெட்டி அதுல எறக்கி வைக்கிற கேஸ் அடுப்பு) விளம்பரத்தை எல்லாம் ஒரு மாசமா உக்காந்து பாத்தேன். பர்னர் எத்தனை, கண்ணாடி எவ்ளோ பளபளப்பு, ஆட்டோ இக்னிஷன் இருக்கா, எல்லாம் போட்டிருக்கு, ஆனா மேடைல எவ்ளோ பெரிய ஓட்டை வேணும்ங்கிற ஒரு வரி மட்டும் எதுலயும் இல்ல. புதுசா வீடு கட்டுறவங்களுக்கு இதனால ஒண்ணும் இல்ல, அடுப்பை முன்னாடி வாங்கி வச்சிட்டு கல்லை அதுக்கேத்த மாதிரி வெட்டிக்கலாம். ஏற்கனவே வெட்டின கல்லோட குடும்பம் நடத்துறவங்கதான் மாட்டிக்கிறோம்.

எங்க பழைய ஹாப்ல இக்னிஷன் போச்சு, நாப் ரெண்டு சுத்தவே மாட்டேங்குது, பார்ட்ஸ் கிடைக்கல, சரின்னு புதுசு வாங்கப் போனோம். பழசு 60 செ.மீ., இதுவும் 60 செ.மீ., அப்படியே எடுத்துட்டு அப்படியே வச்சிடலாம்னு கடைல சொன்னாங்க, நாங்களும் தலையாட்டிட்டு வந்துட்டோம். அந்த 60ங்கிறது சும்மா ஒரு சைஸ் பேரு, ஓட்டையோட அளவு இல்லன்னு பெட்டியப் பிரிச்ச பிறகுதான் உறைச்சுது. புது அடுப்போட கண்ணாடி 590க்கு 510 மி.மீ., மேனுவல்ல கேட்ட ஓட்டை 560க்கு 490. எங்க கல்லுல இருந்த ஓட்டை 575க்கு 502! அதாவது முன்னாடியும் பின்னாடியும் கண்ணாடி ஓரம் தலா 10 மி.மீ. கல்லு மேல உக்கார வேண்டிய எடத்துல வெறும் 4 மி.மீ. தான் உக்காருது.

4 மி.மீ. என்ன பெரிய குறைன்னு தோணும். வச்சிப் பாத்தேன். ஒரு விரலால லேசா முன்னாடி தள்ளினேன், பின் ஓரம் கல்லை விட்டு நகந்து ஓட்டையே வெளிய தெரிஞ்சுது, அதுவும் மேல பாத்திரம் எதுவும் இல்லாதப்ப. டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடு பண்ணி கெட்டியாக்கின கண்ணாடி, நடுவுல நல்லாவே பாரம் தாங்கும், ஆனா அதோட பலவீனமே ஓரம்தான், கல்லு விளிம்புல ஓரம் இடிச்சா மொத்தமும் பொலபொலன்னு போயிடும். ஃபிட் பண்ண வந்த தம்பி என்ன சொன்னாரு தெரியுமா, "கவலைய விடுங்கக்கா, சுத்தி சிலிக்கான் அடிச்சி ஒட்டிடலாம்". நான் வேணாம்னு சொல்லிட்டேன். பெட்டிக்குள்ளயே ஒரு ஸ்பாஞ்ச் டேப் சுருட்டி வச்சிருக்காங்க, அதைத்தான் கண்ணாடிக்கு அடியில ஓரத்துல ஒட்டணும், பொங்கி வழியுறது கீழ எறங்காது, நாளைக்கி சர்வீஸ்னா கழட்டவும் வரும். சிலிக்கான் அடிச்சி ஒட்டிட்டா பிளேடு வச்சி அறுத்துத்தான் எடுக்கணும், அப்ப கண்ணாடிக்கு யாரு கியாரண்டி?

பெட்டி பிரிச்சாச்சு, கடைல திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. கடைசில ஓட்டையச் சுத்தி ஸ்டீல் தகடுல ஒரு ஃப்ரேம் செஞ்சி, அதை கல்லு மேல ஒட்டி, அது மேல ஹாப்பை வச்சோம். கண்ணாடிக்கு வெளிய அரை இஞ்ச் ஸ்டீல் தெரியுது, அழகுன்னு சொல்ல முடியாது, ஆனா ஆடல.

எங்களுது ஓட்டை பெருசு, அதனால இந்த மட்டும் பிழைச்சோம். சின்னதா இருந்தா வெட்டி பெருசாக்கிக்கலாமேன்னு நெனைப்பாங்க, எங்க பக்கத்து வீட்ல அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. மேடை மேலயே கட்டிங் மெஷினை வச்சி, தண்ணி ஊத்தாம அறுத்து, வீடு முழுக்க வெள்ளைப் புழுதி, அந்தக் கல்லு தூசு நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். அதைவிட மூலை. கிரானைட் ஓட்டையோட மூலை கொஞ்சமாவது வளைவா இருக்கணும், சதுரமா கூரா வெட்டினா பாரம் எல்லாம் அந்த ஒரு புள்ளில சேந்து அங்கிருந்துதான் விரிசல் கெளம்பும். அங்கயும் அதேதான், முன்பக்கம் மெல்லிசா மிஞ்சியிருந்த பட்டைல முடி மாதிரி ஒரு கோடு வந்துச்சு, ரெண்டு வாரத்துல வெளி ஓரம் வரைக்கும் போயிடுச்சு.

அளக்கிறதுலயும் ஒண்ணு சொல்லணும். நம்ம ஆளுங்க எல்லாத்தையும் இஞ்ச்லயே சொல்லுவாங்க, 22 இஞ்ச்னா 558.8 மி.மீ. தான், மேனுவல் 560 கேக்குறப்ப அந்த ஒண்ணேகால் மி.மீ. தான் கழுத்தறுக்கும். மி.மீ.லயே அளங்க, ரெண்டு பக்கம் மட்டும் இல்லாம மூலைக்கு மூலையும் அளங்க, 560க்கு 490 ஓட்டைன்னா குறுக்க 744 வரணும், ரெண்டு குறுக்கும் ஒண்ணா வரலன்னா ஓட்டை கோணல்னு அர்த்தம். பழைய அடுப்பைத் தூக்கி எடுத்துட்டு அளக்கணும், மேல இருக்கிற கண்ணாடிய அளந்துட்டுப் போனா எங்க கதைதான். அடியில ட்ராயர் இருந்தா ஹாப்போட ஆழத்தையும் கேஸ் பைப் சொருகுற எடத்தையும் பாத்துக்கோங்க, எங்களுக்கு அந்த எல்போ (பைப் சொருகுற வளைஞ்ச துண்டு) ட்ராயர்ல இடிச்சி ஒரு ட்ராயரையே கழட்டி வச்சிருக்கோம். கனெக்‌ஷன் குடுத்ததும் கேஸ் கசியுதான்னு சோப்பு நுரை தடவிப் பாக்காம பத்த வைக்காதீங்க.

கம்பெனிக்காரங்க ஒவ்வொரு மாடலுக்கும் ஓட்டை அளவை மாத்துறாங்க, அது அவங்க இஷ்டம், ஆனா அதை மேனுவலோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டா கடைல நிக்கிறவங்க எப்படிப் பாக்கிறது? பெட்டி மேல பர்னர் படத்துக்குப் பக்கத்துல பெருசா போடட்டும். நீங்களும் இனிமே ஹாப் விளம்பரம் வாங்குறப்ப அந்த ஒரு வரி இருக்கான்னு கேட்டு வாங்குங்க சார். எங்க ஓட்டையோட அளவை நான் மார்க்கர்ல கேபினட் கதவுக்கு உள்பக்கம் எழுதி வச்சிட்டேன், அடுத்த தடவை மாத்துறது என் மருமகளா கூட இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு வாசகி