பத்துக் கால், ஒரு புகைப்படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைகளில் வரும் போர்வீரர்களையும் அவர்கள் வளர்க்கும் பூத மிருகங்களையும் பற்றிச் சென்ற வார இதழில் இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்த மாதிரி விஷயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினீர்களே என்று சந்தோஷப்பட்டுத்தான் படிக்க உட்கார்ந்தேன். பாதியில் ஒரு வரி வந்தது. ஆயுதம் பிடித்துக் காய்ந்துபோன கைக்குத் தடவிக் கொடுக்கத் தெரியாது, அதெல்லாம் பொம்மை விற்கிறவர்கள் செய்த ஏற்பாடு என்று. டீ ஆறிப்போனது. வீட்டம்மா வந்து "யார் போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

உங்கள் கட்டுரையாளருக்கு நாய் கடித்த வடு எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே நாயின் பல். மீரட்டில் பயிற்சி முடித்துப் பட்டாளத்தில் டாக் ஹேண்ட்லராக இருந்தவன் நான். வடக்கே எல்லைப்பக்கம் போஸ்டிங் போனபோது சுல்தான் என்ற அல்சேஷனை என் பொறுப்பில் விட்டார்கள். அதன் பழைய ஹேண்ட்லர் பென்ஷனில் போயிருந்தார். அவர் போன நாளிலிருந்து கென்னலுக்குள் யாரையும் அது விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுத்தான் வருவார்களாம். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருந்த பெயரை உங்கள் இதழில் அச்சிட முடியாது.

முதல் பத்து நாள் நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. கம்பிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். ஊரில் என் அம்மாவுக்கு அவ்வளவு கடிதம் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. பதினோராம் நாள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் வடு. மறுபடியும் போனேன். இரண்டாவது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, பூட்ஸுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது அதுவாகவே வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்தது. கனமான தலை. கால் மரத்துப்போகும் வரை நான் அசையவில்லை. மூன்றாவது வடு எப்படி வந்தது என்பது வேறு கதை, அதில் தப்பு என் மேல்.

இப்போது சொல்லுங்கள், இதில் எந்தப் பொம்மைக் கம்பெனி வந்தது?

ஸ்டார் வார்ஸ் கதைகளில் வரும் போபா ஃபெட்டை உங்கள் கட்டுரையாளர் ரொம்பவே கிண்டல் செய்திருக்கிறார். கூலிக்கு ஆள் பிடித்தவன், அவனுக்கு ரான்கர் என்ற ராட்சதப் பிராணி பரிசாக வருகிறது, உடனே முகத்தைத் தடவுகிறான், சிரிப்பு வருகிறது என்று. 2022-ல் அவன் பெயரில் வந்த தொடரைப் பேரன் போட்டுக் காட்ட, நானும் பார்த்தேன். கட்டுரையாளர் பார்த்தாரா என்பதுதான் சந்தேகம். அந்தப் பிராணி கண்ணை மூடிக் கட்டப்பட்டுச் சோர்ந்து படுத்திருக்கிறது. முதலில் பார்க்கும் மனிதனிடம் அது ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறோம் என்கிறான் பராமரிப்பாளன். கட்டை அவிழ்த்ததும் அது பார்க்கிறது. ஃபெட் தடவுகிறான். அதன் மேல் ஏறிச் சவாரி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதலில் பார்த்தவனிடம் ஒட்டிக்கொள்வது கதைக்காகச் சேர்த்த கண்கட்டு வித்தை என்றும் எழுதியிருக்கிறார். முட்டையிலிருந்து வந்து முதலில் தன்னைப் பார்த்த வாத்துக் குஞ்சுகள் தன் பின்னாலேயே வருவதை விலங்கியல் அறிஞர் கான்ராட் லோரன்ஸ் ஆராய்ந்ததும், 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் தாங்கள் அறியாததல்ல. நாய் அப்படி இல்லை என்பது உண்மைதான். சுல்தான் முதலில் பார்த்தது வேறொருவரை. அதனால்தான் அதன் பாசத்தை நான் வடுவை விலையாகக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற பாச ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டு சொன்னார்கள். அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டது தங்கள் இதழ்தான். வெட்டி வைத்திருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்களை யாரும் புரட்டுவதில்லை போலும்.

ரான்கர் ஒன்று 1983-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் உண்டு. கதவு தலையில் விழுந்து அது செத்ததும், அதைப் பராமரித்த, சட்டையில்லாத ஒரு பருத்த ஆள் ஓடிவந்து அழுவான். லீவில் வந்திருந்தபோது மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். தியேட்டரே சிரித்தது. என் மச்சான் திரும்பிப் பார்த்து, "என்ன மாமா, பூதம் செத்ததுக்கு நீங்க ஏன் கண்ணைத் தொடைக்கிறீங்க?" என்றான். அதை வைத்து இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் கேலி செய்கிறான். போகட்டும், அவனும் நல்லவன்தான்.

இந்தப் பாசமெல்லாம் நமக்கு ஒட்டாத வெளிநாட்டுச் சரக்கு என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். 'முடித்திருக்கிறீர்கள்' என்றே சொல்கிறேன், அச்சிட்டது நீங்கள்தானே. வேலால் பிளந்த சூரபத்மன் மயிலாகி முருகனைச் சுமக்கிறானே, அவன் எந்த நாட்டுச் சரக்கு? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் யாளி மேல் உட்கார்ந்து வருகிற வீரர்களை எந்தக் கம்பெனி செய்து விற்றது? செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் செத்தான். அவனோடு நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்தவனுக்கு ஒரு நாயின் பெயரை எழுத இடம் இருந்தது. தங்கள் இதழில் வாசகர் கடிதத்துக்குக் கால் பக்கம்.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருடம் தெருநாய்களைப் பற்றி நான் எழுதியதைப் பாதியாக வெட்டி, நான் எதிர்த்ததையே ஆதரித்ததுபோலப் போட்டீர்கள். எங்கள் பல்லாவரம் குடியிருப்பில் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டவர்கள், அந்தக் கடிதத்தைத்தான் நகலெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மூன்று மாடி ஏற முடியாத கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்கினேன், எனக்கு மூட்டுவலி. அறிவியல் கதைகளை நிறுத்திவிட்டு ராசிபலனுக்கு இன்னொரு பக்கம் கொடுத்ததைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. சுஜாதாவின் ஜீனோ என்ற இயந்திர நாயை வீட்டுப் பிள்ளைபோல நினைத்த வாசகர்கள் சார் நாங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரைக்கு வரைந்த படத்தில் வூலாவுக்கு ஆறு கால் போட்டிருக்கிறார் உங்கள் ஓவியர். வூலாவுக்குப் பத்துக் கால். எட்கர் ரைஸ் பரோஸ் 1912-ல் எழுதிய செவ்வாய்க் கிரகக் கதையில் வரும் காவல் மிருகம் அது. தவளை மூஞ்சி, மூன்று வரிசைப் பல், மட்டக்குதிரை உயரம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய பழைய புத்தகத்தை, பக்கத்தில் லிப்கோ அகராதியை வைத்துக்கொண்டு கூட்டிக் கூட்டிப் படித்தவன் நான். எனக்குக் கால் கணக்கு தெரியும்.

அந்தக் கதையில் ஜான் கார்ட்டர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவன், லேசான ஆள் கிடையாது. அவனைக் காப்பாற்ற வெள்ளைக் குரங்கோடு மோதி வூலா குற்றுயிராகக் கிடக்கிறது. செவ்வாயின் பச்சை மனிதர்களில் ஒருவன் அதைச் சுட்டுத் தீர்க்கத் துப்பாக்கியை எடுக்கிறான். கார்ட்டர் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிடுகிறான், குண்டு ஜன்னல் சட்டத்தில் போய் வெடிக்கிறது. அந்தக் கிரகத்தில் யாரும் வூலாவிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கார்ட்டரும் அதற்காகப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மண்டியிட்டுத் தூக்கி நிறுத்தி, வா என்று சைகை காட்டுகிறான், அவ்வளவுதான். அது வருகிறது. நான் பார்த்த பட்டாளத்து ஆட்களும் அப்படித்தான். அப்பா செத்த தந்தியைப் படித்துவிட்டுப் பரேடுக்குப் போனவன், சாயங்காலம் கென்னலில் நாயின் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பான். யாரும் கிட்டே போக மாட்டோம்.

ஆகவே அடுத்த இதழில், எவ்வளவு சின்ன எழுத்தானாலும் சரி, பத்துக் கால் என்று ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன்.

அப்புறம் இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன் 'நானும் என் செல்லமும்' பகுதிக்கு நானும் சுல்தானும் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பியிருந்தேன். பிரசுரிக்கவில்லை. அதைப் பற்றி ஒன்றும் இல்லை, நாய்க்கு ரிப்பன் கட்டிய படங்கள் நிறைய வந்திருக்கும். பென்ஷனில் வரும்போது லீஷை இன்னொரு பையன் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறியவன் நான். அது மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அவன் கடிதம் போட்டான். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதியிருக்கும், அதை வைத்துத் தேடலாம். திருப்பி அனுப்பும்போது கவருக்குள் ஓர் அட்டை வைத்து அனுப்புங்கள், மடங்கிவிடும். தபால்தலை அப்போதே ஒட்டித்தான் அனுப்பினேன். கட்டணம் ஏறியிருந்தால் சொல்லுங்கள், மீதியை அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
(பெயர் வேண்டாம், மச்சானும் இந்த இதழ் வாங்குகிறான்)
பல்லாவரம், சென்னை