அந்த வெள்ளிக் கிரிஸ்டல் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'ஒரே மணி நேரத்தில் அலாரம் கடிகாரம்' கட்டுரையைப் படித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். எழுதியவர் செய்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

'போர்டில் பளபளக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்க, நேரம் பிசகுமோ என்ற கவலை எதற்கு?' என்று ஒரு வரி. தங்களுக்குத் தெரியாததல்ல, ஆர்டுயினோ யூனோ என்ற அந்தக் குட்டிக் கணினிப் போர்டில், சீரான துடிப்பு கொடுக்கும் அந்த வெள்ளி நிறக் கிரிஸ்டல் யூஎஸ்பி சிப்புக்கானது. நம் நிரல் ஓடும் ஏடிமெகா328 சிப்புக்கு வாய்த்தது, கிரிஸ்டலைவிடத் துல்லியம் குறைந்த, துக்கடா அளவு செராமிக் ரெசனேட்டர். அது அரை சதவீதம் வரை பிசகலாம். நாளைக்கு ஏழு நிமிடம், ஐயா! போதாக்குறைக்கு, நிரல் 'டிலே 1000', அதாவது 'ஆயிரம் மில்லிவிநாடி சும்மா இரு' என்று போட்டு விநாடி எண்ணுகிறது. டிஸ்ப்ளேயில் எண்ணை மாற்ற ஆகும் நேரம் யார் கணக்கில்?

என் கடிகாரம் நாளுக்கு மூன்று நிமிடம் பின்தங்கியது. நான்காம் நாள் விடிகாலை மகள் வளைகாப்புக்குப் போக ரயிலடிக்கு ஓடினால், தண்டவாளம்தான் இருந்தது. மறு வாரம் ராத்திரி கரண்ட் போய் வந்தது. கடிகாரம் 00:00-லிருந்து புதுக்கணக்கு ஆரம்பித்தது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து சாவி கொடுக்கும் டைம்பீஸை இறக்கித் துடைத்து என் தலைமாட்டில் வைத்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஆர்டிசி (ரியல் டைம் கிளாக்) என்று, கரண்ட் போனாலும் பேட்டரியில் நேரத்தைக் காக்கும் ஒரு சமாச்சாரம் இதற்காகவே இருக்கிறது. உள்ளே 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒன்று, அதாவது விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப் வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் வருடத்துக்கே ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். நீங்களோ அதைப் பெட்டிச் செய்தியில் 'விரும்பினால் சேர்க்கலாம், சிஆர்2032 பேட்டரி போடவும்' என்று முடித்துவிட்டீர்கள். கடைகளில் வரும் நீல நிற மாட்யூல் பலவற்றில் சார்ஜிங் சர்க்யூட் உண்டு. சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032-ஐ அதில் போட்டால், 5 வோல்ட்டில் அது பாட்டுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். என் மேசையில் பேட்டரி உப்பியே விட்டது. பிள்ளைகள் படிக்கும் பத்திரிகை இது.

இது முதல் தடவையும் அல்ல. எஃப்எம் ரேடியோ கட்டுரையில் காயிலுக்கு எத்தனை சுற்று என்றே இல்லை. எமர்ஜென்சி விளக்குப் படத்தில் பிசி547 டிரான்சிஸ்டரின் கால்களை 2என்3904 என்ற வேறொரு டிரான்சிஸ்டர் மாதிரி இடவலமாக மாற்றிப் போட்டிருந்தீர்கள். அப்போதே சுயவிலாச உறை, ஸ்டாம்ப் சகிதம் எழுதினேன். உறை திரும்பவில்லை; ஸ்டாம்பாவது உபயோகப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: ஆர்டிசி கட்டாயம்; சிஆர்2032 போடுவதானால் அந்த மாட்யூலில் சார்ஜிங் டையோடைக் கழற்றிவிடவும்.

இந்தத் தடவை ஸ்டாம்ப் வைக்கவில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தாம்பரம்