மேஸ்திரியின் மூக்கு

அன்புள்ள முருகேசா,

நலம். நலமறிய ஆவல். மகளுக்கு வரன் அமைந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நம் தச்சு மேஸ்திரிக்குத்தான் உடம்பு சரியில்லை. ஆறு மாதமாக ஒரு பக்க மூக்கடைப்பு, அவ்வப்போது ரத்தம். சைனஸ் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். சென்னைக்கு வரவழைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று. ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிய பையன் பீடி, குடி, வெற்றிலை புகையிலை என்று வரிசையாகக் கேட்டான். மூன்றும் இல்லை என்றதும் நம்பாத மாதிரி பார்த்தான். ஐம்பது வருஷம் என்ன வேலை பார்த்தார் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லையடா!

தூக்கம் வராமல் படித்தேன். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர், நாற்காலிக்குப் பேர்போனது. மூக்கினுள் அபூர்வமாக வரும் ஒருவகைப் புற்றோடு தன்னிடம் வந்தவர்களில் பலர் மரவேலைக்காரர்கள் என்பதை 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற டாக்டரம்மா கவனித்திருக்கிறார். டொனால்ட் அச்சிசன் என்ற ஆய்வாளர் முதலியவர்களோடு சேர்ந்து கணக்கெடுத்தால், மற்ற ஜனங்களைவிடப் பல நூறு மடங்கு! மரத்தூளை சுவாசிக்கத் தொடங்கி நோய் தலைகாட்ட சுமார் 40 வருஷம் ஆகுமாம். அதற்குள் ஆள் வேலையை விட்டே போயிருப்பான். யார் முடிச்சுப் போடுவது? 1995-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புற்றை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பட்டியலில், ஆஸ்பெஸ்டாஸோடு மரத்தூளையும் சேர்த்துவிட்டது.

வசதி இருந்தால் புற்று வராது என்றில்லை. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் வசதியான வீடுகளில் மார்பகப் புற்று அதிகம், ஏழைப் பெண்களுக்குக் கருப்பை வாயில். ஆனால் மரத்தூள் கல்லாவில் இருப்பவனைத் தேடிப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இழைப்புளி போட்ட காலத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழும். உன் பட்டறையின் புது மெஷினில் தூள் மாவாகப் பறக்கிறது. போன தடவை பார்த்தேன், உப்புத்தாள் போடும் பையனின் இமை மயிரெல்லாம் வெள்ளை. தூளை உறிஞ்சும் குழாயை மெஷினிலேயே பொருத்து. விளக்குமாறால் பெருக்கச் சொல்லாதே, ஈரத்துணி போடு. துண்டைக் கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வாங்கிக் கொடு.

அடுத்த புதன் ஆபரேஷன். வந்தால் இங்கேயே தங்கு. உன் பட்டறைப் பரணில் இருக்கும் தன் பழைய இழைப்புளியைக் கொண்டுவரச் சொன்னார்.

அன்புடன்,
செல்வம்