பத்துக் கையெழுத்து

16-5-2021

அன்புள்ள தோழிக்கு,

நாங்கள் நலம். கொரோனா ஊரடங்கில் கடை பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் இதுவரை யாருக்கும் காய்ச்சல் இல்லை. உன் மாமியாருக்கு ஆக்சிஜன் 95க்கு மேல் நிற்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவரைக் கொஞ்ச நாள் குப்புறப் படுக்கவே சொல்.

“தோக்கறதுன்னு தெரிஞ்சே அவ எதுக்குப் புள்ள நின்னா? நீ எதுக்கு அவ பின்னாலயே திரிஞ்சே?” என்று, சட்டமன்றத் தேர்தலில் நின்ற நம் தோழியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்பில் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவளைப் பற்றி நீயே இப்படிக் கேட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் இங்கே எல்லோரும் கேட்பதைத்தானே நீயும் கேட்கிறாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 19 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். அவள் கட்சி பதிவு மட்டுமே பெற்ற சின்னக் கட்சி என்பதால், அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஊரே அறிந்தவருக்கு ஒன்று, யாருக்கும் தெரியாதவளுக்குப் பத்து. பத்துப் பேர்தானே என்று நானும் நினைத்தேன். தெருத் தெருவாக அவளோடு போன பிறகுதான் புரிந்தது. “ஓட்டு வேணாப் போடறேன் அம்மிணி, கையெழுத்து மட்டும் கேக்காதே” என்று எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? கலிங்கராயன் வாய்க்காலில் சாயத்தண்ணியும் தோல் கழிவும் கலப்பதைப் பற்றி அவளைவிடக் கோபமாகப் பேசியவர்கள்தான் அவர்கள். ஓட்டை யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து அப்படியில்லை. வாக்காளர் பட்டியலின் பாகம் எண், வரிசை எண்ணோடு பெயர் தாளில் ஏறிவிடும். பையனுக்கு வேலை, கூட்டுறவில் கடன், பங்காளி ஒருவர் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு லாரியும் ஒரு கட்சிக்காரரின் குவாரிக்குத்தான் ஓடுகிறது. ஒன்பதாவது ஆள் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. காலையில் நான் பத்தாவதாகப் போட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தானாகவே அவளுடைய நோட்டீஸ் கட்டை வண்டியில் ஏற்றினார்.

இந்தப் பத்துக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்களே, அதில் அவரும் ஒருவர். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை, அதாவது அவர்களே அவர்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த 88 பேரில் அப்பாவும் உண்டா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. விவசாயிகளின் குறையை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக நின்றவர்கள் ஓட்டைக் கணக்குப் பார்ப்பார்களா? அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்றார்கள். பிறகு அது 10,000 ஆனது. அப்பா காலத்தவர்கள் கூட்டமாக நுழைந்த வாசல், அவர்கள் நுழைந்ததாலேயே ஒடுங்கிவிட்டது. அவள் அந்த ஒடுங்கிய வாசலில் தனியாக நுழைந்தாள். 10,000 ரூபாய்க்கு அவள் எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும் என்று நீயே கணக்குப் போடு. இந்த 2021 தேர்தலில் சட்டம் ஒரு வேட்பாளருக்கு 30 லட்சத்து 80 ஆயிரம் வரை செலவழிக்க இடம் கொடுத்தது. இவள் செலவு ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

தையல்காரி என்பதால் தையல் எந்திரச் சின்னம் கேட்டாள். இன்னொருவரும் கேட்டார், குலுக்கலில் அவருக்குப் போய்விட்டது. இவளுக்குத் தென்னந்தோப்பு கிடைத்தது. மார்ச் 22 சாயங்காலம் சின்னம் கையில் வந்தது, ஏப்ரல் 4 ராத்திரி ஏழு மணியோடு பிரச்சாரம் முடிந்தது. பதின்மூன்று நாள்! இரட்டை இலையும் உதயசூரியனும் நம் பாட்டிமாருக்கே மனப்பாடம். இவள் சின்னத்தை ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ என்ன சாமி குடுப்பே?” என்று கேட்டார். “ஒண்ணும் குடுக்க மாட்டேன் ஆத்தா, வாய்க்கால் தண்ணியப் பத்திப் பேசுவேன்” என்றாள். பாட்டி கொஞ்ச நேரம் அவளையே பார்த்திருந்துவிட்டு, அந்தத் தண்ணீரில் தான் பாத்திரம் கழுவிய காலத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் போனது. அன்றைக்கு மூன்று தெரு பாக்கி விழுந்தது, அவள் எழுந்திருக்கவே இல்லை.

ஓட்டுப் பதிவன்று நான் பூத் ஏஜென்ட். தொகுதியில் பெரும்பாலான பூத்துகளில் எங்கள் ஆள் கிடையாது. ஓட்டு எண்ணிக்கையில் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். டெபாசிட் திரும்பக் கிடைக்க ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். ஆறில் ஒரு பங்கு எங்கே, அவள் எங்கே. ஆனால் நம் ஊர் பூத்தில் மட்டும் 61 விழுந்திருக்கிறது. கையெழுத்துக்குப் பயந்தவர்கள் அதில் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

“ஓட்டைப் பிரிக்கறது பாவமில்லையா” என்றும் எழுதியிருக்கிறாய். பக்கத்து மொடக்குறிச்சியில் வித்தியாசம் வெறும் 281. 1996இல் அத்தனை பேருக்கு நடுவில் ஜெயித்த அதே தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் இந்த முறை அந்த 281இல் தோற்றார். அதைப் பார்த்து எனக்கும் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. இவள் அங்கே நின்றிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். போட்டிருப்பேன். இவளுக்கு விழுந்த ஓட்டு பெரிய கட்சிக்குப் போக வேண்டியது என்று யார் சொன்னது? என் சின்ன நாத்தனார் இரண்டு தேர்தலாக ஓட்டுப் போடவே போகாதவள். இந்த முறை அரசாங்கம் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

இப்போது ஒரு அவசர வேலை. முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் நிற்கவே முடியாதபடி செய்துவிடலாம். டீ பில், மைக் செட் வாடகை, நோட்டீஸ் ரசீது எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் அவளும் உட்கார்ந்திருக்கிறோம். நீ அனுப்பிய 2,000 ரூபாயையும் நன்கொடையில் காட்ட வேண்டும். “என் பேரு வேண்டாம், வீட்டுக்காரர் ஆபீஸ்ல தெரிஞ்சா வம்பு” என்று சொன்னாய். பெயர் இல்லாமல் எழுத அவளுக்கு மனமில்லை. முழுப் பெயரும் முகவரியும் எழுதி அனுப்பு. முடியாதென்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்கிறாள், கோபமில்லை. மாத முடிவுக்குள் பதில் போடு.

உன் அன்புத் தோழி