அழகப்பர் விழா மேடையில் பேசுகிறவர்களுக்கு

வணக்கம். அழகப்ப செட்டியார் பிறந்த நாளான ஏப்ரல் 6 வந்தால் மேடை ஏறுகிறீர்கள், "வள்ளல்" என்கிறீர்கள், பாரி, ஓரிக்குப் பிறகு அழகப்பர்தான் என்று முடித்துவிட்டு இறங்குகிறீர்கள். தப்பில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, எங்கிருந்தோ வந்த பணத்தை யாரோ ஒருவர் அள்ளி வீசினார் என்பதுதான் மனதில் நிற்கும். எனக்கு அதுதான் உறுத்தல்.

சம்பாதித்த கதையைச் சொல்லுங்களேன். 1909-இல் கோட்டையூரில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி, போதாததற்கு குராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். அவர் பிறந்த செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போவது வழக்கம்தான், சரி, இவரும் மலாயாவில் ரப்பர் தோட்டம், வெள்ளீயச் சுரங்கம் என்று இறங்கினார். திருச்சூர் பக்கம் பஞ்சாலை வைத்தார், அந்த ஊரே இன்று அழகப்பா நகர். அப்புறம் ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமானக் கம்பெனி வேறு.

கொடுத்ததிலும் வியாபாரிக் கணக்கு இருந்தது என்பேன், இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பீர்கள். 1944-இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம். 1947-இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் வேண்டும் என்று கேட்க, அந்த ஆண்டே காரைக்குடியில் காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது, கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

காரைக்குடியில் இருக்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அந்த விஷயம்தான் உச்சம். மத்திய அரசு நாடு முழுக்க ஆய்வகங்கள் அமைத்துக்கொண்டிருந்த நேரம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஒன்றை இங்கே வையுங்கள் என்றார். பெருநகரங்களுக்கு எட்டாத வறண்ட பூமிக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தன் பணத்தைப் போட்டு அரசின் பணத்தை ஊருக்கு இழுத்த வேலை இது. இரக்கம் மட்டும் இருந்தால் அன்னசத்திரத்தோடு நின்றிருக்கும்.

இவ்வளவும் செய்தவர் 1957-இல் 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

அதனால் ஒரே கோரிக்கை. அடுத்த விழாவில் அரை மணி நேரம் ஒதுக்கி, மில் எப்படி நடந்தது, சிக்ரி எப்படி வந்தது என்று விவரமாகப் பேச வணிகவியல் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். சால்வை போடுவதைக் குறைத்தாலே நேரம் கிடைத்துவிடும்.